இரண்டு லாசர்களும் ஒரு தண்டனையும்

போன மாதம் கோர்ட்டிலிருந்து இரண்டு குமாஸ்தாக்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் பென்ஷன் வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. ஆபீசில் என்னை யாராவது நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்ற எண்ணமே எனக்கு இல்லை. அதனால் சந்தோஷமாக எழுந்து, மேல்முண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வரவேற்றேன். அவர்கள் காப்பி குடித்து முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்கள். தண்டனைப் பதிவேட்டில் நான்கு வருஷத்துப் புத்தகங்களைக் காணவில்லையாம். நான் கொண்டுவந்திருப்பேனோ என்று கேட்க வந்திருந்தார்கள்.

"எலே மக்கா, அதைக் கொண்டுவந்து வச்சு நான் என்ன செய்ய? அது நான் வேலைக்குச் சேருகதுக்கு முன்னாலேயே சிதல் தின்னாச்சு" என்றேன்.

கரையான் தின்றது என்றதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவர் சொன்னார்: "இனி அதொண்ணும் வேண்டாமாக்கும் ஐயா. கைரேகை வச்சு ஆளைக் கண்டுபிடிக்கப் போறாவளாம். நீங்க அந்தக் காலத்துல எப்படித் தேடினியண்ணு ஒரு கட்டுரை எழுதித் தந்தா, எங்களுக்கு ஒரு உபகாரம்."

எழுதுகிறேன். கோர்ட்டின் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையில் அது இருந்தது என்பது போதும்.

சர்க்கார் வேலைக்கு ஒருவனை எடுப்பதற்கு முன்னால், அவன் எப்போதாவது தண்டனை பெற்றவனா என்று கேட்டு எங்களுக்குக் காகிதம் வரும். பள்ளிக்கூட வாத்தியார், போலீஸ்காரன், சேவகன், யாராக இருந்தாலும் அப்படித்தான். நான் பதிவேடுகளைப் புரட்டிப் பதில் தயாரிப்பேன், ஆபீசுக்கு மேலதிகாரியான சிரஸ்தார் கையெழுத்திடுவார். ஒருவன் யோக்கியன் என்று எழுத எங்களுக்கு அதிகாரம் கிடையாது. அயோக்கியன் என்று எழுத உண்டு.

வேலை பழகிய முதல் இரண்டு வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் வருஷம் தும்மினேன். இரண்டாம் வருஷம் தும்மாமல் இருக்கப் பழகினேன்.

ரிக்கார்டு அறைக்கு வடக்குப் பக்கம் ஒரே ஒரு ஜன்னல். தீப்பிடிக்கும் என்று விளக்குக்குத் தடை. ஆகவே பகல் பத்து மணிமுதல் மூன்று மணிவரைதான் ஒருவனுடைய குற்றம் கண்ணுக்குத் தெரியும். மழைக்காலத்தில் அதுவும் தெரியாது. ஆடி மாதம் விண்ணப்பித்தவர்கள் அநேகமாக எல்லோருக்கும் நல்ல பெயர் கிடைத்தது. சிதல் தின்ற நான்கு வருஷங்களில் எங்கள் எல்லைக்குள் ஒரு திருட்டு இல்லை, ஒரு அடிதடி இல்லை. என் சர்வீஸ் முழுவதும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

தேடுவதில் கஷ்டம் பெயர்தான். மருமக்கள்வழிக்காரர் அம்மாவன், அதாவது தாய்மாமன் பெயரைச் சொல்வார். எங்களைப் போன்ற வெள்ளாளர் தகப்பன் பெயரைச் சொல்வார். பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே கட்டம். எழுதியவர்கள் சிலர் மலையாளத்தில் எழுதினார்கள், சிலர் தமிழில் எழுதினார்கள், சிலர் இரண்டும் சேர்ந்த ஒரு பாஷையில் எழுதினார்கள். ஒரே ஆள் ஒரு வருஷம் லாசர், அடுத்த வருஷம் இலாசறு, அதற்கடுத்த வருஷம் ராசர். அதனால் ஒரு பெயருக்கு ஐந்தாறு எழுத்துகளில் தேட வேண்டும். கடைசி வருஷத்திலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். பெயர், தகப்பன் அல்லது அம்மாவன், ஊர் மூன்றும் பொருந்தினால் "தண்டனை உண்டு" என்று எழுதி மேலே அனுப்ப வேண்டும். அந்த மூன்றுக்கு மேல் பார்க்கச் சட்டத்தில் சொல்லவில்லை. சட்டத்தில் சொல்லாததை நாங்கள் பார்ப்பதில்லை.

சிரஸ்தார் பெருமாள் பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஆபீசைப் பற்றிச் சொல்ல முடியாது. மெலிந்த ஆள், நெற்றி நிறையத் திருநீறு, காதில் கடுக்கன். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. எந்தக் காகிதத்தையும் அவர் மறுத்ததும் இல்லை, ஏற்றுக்கொண்டதும் இல்லை. முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் முன்பக்கத்தை வாசிப்பார். வாசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் வர ஒரு மாதம் ஆகும். வந்ததும், அந்தப் பதிலின் மேல் ஒரு கேள்வி கேட்பார். அவருடைய கையெழுத்து ஒரு கொசு உட்கார்ந்து எழுந்த அளவுதான் இருக்கும். பின்னால் ஏதாவது வம்பு வந்தால், அது கொசுதான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு பதிலில் "குற்றம் இல்லை" என்று எழுதிக்கொண்டு போனேன். அவர் பேனாவை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"ஓய் மாதேவன் பிள்ளே, இல்லேண்ணு எழுதப்பிடாது. காணல்லேண்ணு எழுதும்."

"ரெண்டும் ஒண்ணுதானே ஐயா?"

"இல்லேண்ணு சொல்லுகதுக்கு நீரு என்ன பகவானா? காணல்லேண்ணா, அது நம்ம கண்ணுக்க தோஷமாக்கும். கண்ணுக்குத் தோஷம் உண்டுண்ணா ஒருத்தனும் கேஸ் குடுக்க மாட்டான்."

அவருடைய கண்ணின் தோஷம் எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். திருப்புறம் பக்கத்தில் ஒரு பெரிய வீடு. அந்த வீட்டுப் பெரியவரின் சகோதரி மகன் கேசவனுக்குப் போலீஸ் உத்தியோகம் ஆக இருந்தது. நான் தேடினேன். கோயில் திருவிழாவில் ஒருவனுடைய மண்டையை உடைத்ததற்காகக் கேசவனுக்குத் தண்டனை ஆனது பதிவேட்டில் இருந்தது. பெயர் சரி, அம்மாவன் பெயர் சரி, ஊர் சரி. காகிதத்தைச் சிரஸ்தாரிடம் வைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதுல வீட்டுப்பேரு மேலேவிளைண்ணு கெடக்கு. விண்ணப்பத்துல மேலவிளை. ஒரு எழுத்து வித்தியாசம் உண்டு பாத்தீரா? இது வேற கேசவனாக்கும்."

கேசவன் போலீசில் சேர்ந்து, பிறகு வேறு பல மண்டைகளை உத்தியோக முறையில் உடைத்தார் என்று கேள்வி.

இனி லாசர் கதைக்கு வருகிறேன்.

அந்த வருஷம் கும்ப மாதத்தில், அதாவது மாசியில், பொழியூர்க் கடற்கரையில் வைசூரி கிளம்பியிருந்தது. பூவாரிலிருந்து தெற்கே கரை முழுவதற்கும் அம்மை குத்துகிறவர் ஒருவரும் இல்லை. இருந்தவர் இறந்துபோய்விட்டார். வெளியூர்க்காரர்களைப் போட்டால் கரைக்காரர்கள் கையை நீட்டுவதில்லை. குடிசைகளைப் பூட்டிவிட்டு வள்ளத்தில் ஏறிப் போய்விடுவார்கள். அதனால் பொழியூரிலேயே பிறந்த, பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புவரை வாசித்த ஒரு வாலிபனைத் தேர்ந்தெடுத்து, திருவனந்தபுரத்தில் வைத்து வேலை பழக்கி, எங்கள் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். அவன் பெயர் லாசர், தகப்பன் மிக்கேல்.

நான் தேடினேன். ஏழு வருஷத்துக்கு முந்திய புத்தகத்தில் கிடைத்தது: லாசர், தகப்பன் மிக்கேல், பொழியூர், கள்ளச்சாராயம் காய்ச்சியது, மூன்று மாதக் காவல். மூன்றும் பொருந்திவிட்டன. "தண்டனை உண்டு" என்று எழுதினேன். எனக்கு அன்று ஒரு வருத்தமும் தோன்றவில்லை. தேடியது கிடைத்தால் ரிக்கார்டு குமாஸ்தாவுக்கு ஒரு திருப்தி. அதுதான் தோன்றியது.

பத்து நாள் கழித்து அந்தப் பையன் நேரில் வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் குத்துச் சாமான்கள் வைத்த தகரப் பெட்டி. வேலை கிடைத்த கையோடு ஆரம்பிக்கலாம் என்று அதையும் சுமந்துகொண்டு வந்திருந்தான்.

"ஏமானே, அந்தக் கேஸ் நடக்கும்போ எனக்கு வயசு பதிமூணு. நான் பள்ளிக்கூடத்துல உண்டு. ரெஜிஸ்தர் பாத்தா தெரியும்."

"பொழியூருல வேற லாசர் உண்டா?" என்று கேட்டேன்.

"லாசர் பன்னிரண்டு பேரு உண்டு. மிக்கேலுக்க மகன் லாசரே நாலு பேரு உண்டு, ஏமானே."

இதை நான் முன்னமே யோசித்திருக்க வேண்டும். அந்த வழக்கின் காகிதக் கட்டை எடுத்துப் பார்த்தேன். பதிவேட்டில் இல்லாத ஒரு விவரம், ஜெயிலுக்கு அனுப்பும் வாரண்டின் பின்பக்கத்தில் இருந்தது: "அடையாளம்: இடது காலில் சுண்டுவிரல் இல்லை." அந்தக் கட்டு என் கைக்கு எட்டுகிற அலமாரியில்தான் பத்து நாளும் இருந்தது. அதைப் பார்க்கச் சட்டத்தில் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை.

கட்டையும் பையனையும் சிரஸ்தாரிடம் கொண்டுபோனேன். அவர் வாரண்டை முன்னும் பின்னும் பார்த்தார்.

"காலை எடுத்து அந்தப் பெஞ்சு மேல வை."

பையன் வைத்தான். ஆபீசில் உள்ளவர்கள் எல்லோரும் எழுந்து வந்து பார்த்தோம். ஐந்து விரலும் இருந்தன. நான் எண்ணினேன். சேவகன் எண்ணினான். சிரஸ்தார் எண்ணவில்லை. அவர் எண்ணினால் அது ரிக்கார்டு ஆகிவிடும்.

"இப்பம் அஞ்சு உண்டு. ஏழு வருஷத்துக்கு முன்ன நாலு இருந்திருக்கு. இடையில வளந்திருக்குமோ?"

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். அவர் சிரிக்கவில்லை.

"விரலு வளருமா ஐயா?"

"எனக்குத் தெரியாது ஓய். உமக்குத் தெரியுமா? நீரு டாக்டரா? சர்டிபிகேட் வேணும்."

லாசர் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு நடந்து போய் டாக்டரிடம் எழுதி வாங்கிவந்தான். மனிதனுக்கு வெட்டுப்பட்ட விரல் மீண்டும் முளைக்காது என்று டாக்டர் கோபத்தோடு எழுதியிருந்தார். பேனா முனை காகிதத்தைக் கிழித்திருந்தது. சிரஸ்தார் அதைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இது பொதுவாட்டு மனுஷனைப் பற்றிச் சொன்னது. இந்த லாசரைப் பற்றிச் சொல்லல்லியே."

லாசர் மறுபடியும் போனான். "இந்த லாசரின் இடது காலின் சுண்டுவிரல் பிறவியிலேயே உள்ளது" என்று இரண்டாவது சர்டிபிகேட் வந்தது.

"பிறக்கும்போ டாக்டர் பக்கத்துல நிண்ணாரா? வயித்தாட்டி யாருண்ணு கேட்டு, அவளுக்க வாய்மொழி எழுதி எடுத்துக்கொண்டு வரட்டும்."

பிரசவம் பார்த்த வயிற்றாட்டி அந்த மாசிதான் வைசூரியில் செத்துப்போயிருந்தாள். லாசர் அதைச் சொன்னபோது சிரஸ்தார் உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஐயோ, கஷ்டம். அப்பம் மரண சர்டிபிகேட் வேணுமே" என்றார்.

இப்படியே மீனமும் மேடமுமாக இரண்டு மாதம் போயின. வைசூரி பொழியூரிலிருந்து வடக்கே பூவார் வரைக்கும் வந்தது. சந்தைக்கு மீன் வருவது நின்றது. லாசர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் தகரப் பெட்டியோடு வந்து ஆபீஸ் வாசலில் நிற்பான். முதலில் அவன் ஊரில் இத்தனை பேர் படுத்துவிட்டார்கள், இத்தனை பேர் போய்விட்டார்கள் என்று சொல்வான். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டான். நான் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொள்வேன்.

வைகாசியில், இடவ மாதம் ஒரு திங்கட்கிழமை அவனோடு இன்னொருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். கறுத்துத் தடித்த உடம்பு, உப்புக்காற்றில் வெளிறிய தலைமுடி. ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். வாசலில் சேவகன் தடுத்ததையும் கவனிக்காமல் நேரே என் மேஜைக்கு முன்னால் வந்து இடது காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்தார். நான்கு விரல்.

"நான் லாசர். மிக்கேலுக்க மகன். சாராயம் காய்ச்சினது நானாக்கும். மூணு மாசம் கெடந்ததும் நானாக்கும். எனக்கு உள்ளதை எனக்குத் தாருங்க. இந்தப் பயலை விடுங்க."

தண்டனை என்னுடையது இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களை நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். என்னுடையது என்று கேட்டு வாங்க வந்தவர் அவர் ஒருவர்தான்.

"ஏன் இப்பம் வந்திய?" என்று கேட்டேன்.

"எனக்கு மூணு பிள்ளைய உண்டு. ரெண்டு படுத்தாச்சு. மூணாவதுக்கு இன்னும் வரல்லே. இவன் குத்துனா தப்பிச்சிரும். சர்க்கார் சொல்லாம குத்தினா ஜெயிலாக்கும்ணு இவன் பேடிக்கியான். என்ன காரியம்ணு நான் நேத்துதான் இவங்கிட்ட கேட்டேன். அப்பந்தான் சொன்னான்."

சிரஸ்தாரிடம் அழைத்துப் போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். காலைப் பார்த்தார். இரண்டு லாசர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீருதான் அந்த லாசர்ணு எழுத்து ஏதும் உண்டா?"

"எழுத்தா? நான் கெடந்த ஜெயிலு உண்டு. போய்க் கேளுங்க."

"கேக்கலாம். எழுதிக் கேக்கணும். ஒரு மாசத்துல பதில் வரும்."

நாலு விரல் லாசர் என் பக்கம் திரும்பி, "அந்தக் கொச்சுப் பிள்ளைக்கு ஒரு மாசம் உண்டா ஏமானே?" என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டது சிரஸ்தாரை அல்ல. என்னை.

எனக்கு அப்போது பன்னிரண்டு வருஷ சர்வீஸ். சிரஸ்தாரைத் தாண்டி நான் ஒரு காகிதம்கூட உள்ளே கொண்டுபோனதில்லை. அன்று வழக்குக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, இரண்டு லாசர்களையும் கூட்டிக்கொண்டு, மாஜிஸ்திரேட்டின் அறைக் கதவைத் தள்ளினேன். பின்னால் சிரஸ்தார் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

மாஜிஸ்திரேட் திருவனந்தபுரத்துக்காரர், வயதில் என்னைவிட இளையவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, மேஜையைச் சுற்றி வந்து தரையில் நின்ற இரண்டு கால்களையும் குனிந்து பார்த்தார்.

"இதிலெந்தா இத்ர ஆலோசிக்கான்?"

இதில் என்ன இவ்வளவு யோசனை என்று கேட்டுக்கொண்டே வாரண்டை வாங்கினார். வாரண்டு வாசிக்க எடுத்த நேரமும் சேர்த்து ஐந்து நிமிஷத்தில், தண்டனை இந்தப் பையனுடையது அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பையன் அந்தக் காகிதத்தை மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு அங்கிருந்தே ஓட ஆரம்பித்தான். பெரிய லாசரும் சாய்ந்து சாய்ந்து பின்னால் போனார்.

சிரஸ்தார் மாஜிஸ்திரேட்டிடம் போய், இந்த வழக்கைத் தாம் மூன்று மாதமாக மிகவும் நுணுக்கமாக விசாரித்து வந்ததாகவும், அதன் பலனாகவே உண்மையான குற்றவாளி வெளிவந்ததாகவும் ஒரு குறிப்பு வைத்தார். அதற்கு மேலிடத்திலிருந்து ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அதை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்.

ஆனால் கட்டு இன்னும் முடியவில்லை. பெரிய லாசரின் வாக்குமூலம் எழுத்தில் இல்லை என்று சிரஸ்தார் கண்டுபிடித்தார். அதைத் தாமே எழுதி, கைநாட்டு வாங்கிவரும்படி இரண்டு வாரம் கழித்து என்னை அனுப்பினார். நான் பூவாருக்கு நடந்து, அங்கே வள்ளத்தில் நெய்யாற்றைக் கடந்து, மணலில் தெற்கே நடந்து பொழியூர் போய்ச் சேர்ந்தேன். வழியில் பள்ளிக்குப் பக்கத்துத் தென்னை நிழலில் சின்ன லாசர் பெட்டியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் பெண்களும் பிள்ளைகளும் வரிசையாக நின்றார்கள். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தான், கையை நிறுத்தவில்லை.

பெரிய லாசர் வீட்டு முன்னால் வலை கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பிள்ளைக்குக் குத்தியாகிவிட்டது, தப்பித்துவிட்டது. மூத்த பெண் முகம் நிறையத் தழும்போடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். நடுப் பிள்ளை அவர் கோர்ட்டுக்கு வந்த அன்று மாலையே போய்விட்டிருந்தது.

நான் நின்றேன். அவரே ஒரு பலகையை எடுத்துப் போட்டார்.

"ஏமானே, ஒரு காரியம் கேக்கட்டா? கும்ப மாசம் ஒரு ஆளை இஞ்ச அனுப்பி, விரலில்லாத லாசர் எவனாக்கும்ணு கேட்டிருந்தா, நான் அண்ணைக்கே வந்திருப்பேன். இந்தக் கரையில யாரட்ட கேட்டாலும் எனக்க வீட்டைக் காட்டித் தந்திருப்பாவ. ஏன் ஒருத்தரும் கேக்கல்லே?"

கேட்கலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அதை அவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, காகிதத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். தண்டனை பெற்ற லாசர் நானே; இதை என் சொந்த இஷ்டப்படி சொல்கிறேன்; இந்தக் காரியத்தில் கோர்ட்டார் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி எனக்கு எந்தப் பிராதும் இல்லை.

"கடைசியில உள்ளது என்ன?"

மறுபடி வாசித்தேன்.

"அது வெட்டணும். முதல்ல உள்ளது சத்தியம். கைநாட்டு தாறேன். கடைசியில உள்ளது சத்தியமில்லே."

கோர்ட்டுக் காகிதத்தில் சிரஸ்தார் எழுதிய வரியை ஒரு குமாஸ்தா தொடக்கூடாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். நான் மைக்கூட்டைத் திறந்து, அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன். அவர் பெருவிரலை நீட்டினார்.

அந்தக் கோட்டுக்காக எனக்கு மெமோ வந்தது. அனுமதி இல்லாமல் மாஜிஸ்திரேட் அறைக்குள் போனதை யாரும் கேட்கவில்லை. அது பாராட்டுக் கடிதத்தில் சேர்ந்துவிட்டது. எனக்கு வர வேண்டிய தலைமைக் குமாஸ்தா ஸ்தானம் என்னைவிடச் சிறியவருக்குப் போய், நான்கு வருஷம் கழித்துத்தான் எனக்குக் கிடைத்தது.

மெமோவுக்குப் பதில் எழுத மூன்று நாள் கொடுத்தார்கள். தவறுதலாக நடந்துவிட்டது, மை சிந்திவிட்டது என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்று சிரஸ்தாரே தாழ்ந்த குரலில் வழி சொல்லித் தந்தார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் அன்றைக்கே பதில் எழுதினேன். "வரியை வெட்டியது நான்தான். அது உண்மை இல்லாததால் வெட்டினேன்." கீழே என் முழுப் பெயரையும் தகப்பனார் பெயரையும் ஊரையும், எல்லோரும் வாசிக்கிற அளவில் எழுதினேன்.